ஒரே மலை, ரெண்டு அர்த்தம்

டொமைன் டிரிவன் டிசைன் படிக்கிறவங்க பலரும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு: சப்டொமைனும் பவுண்டட் கான்டெக்ஸ்ட்டும் ஒண்ணுதானா? எரிக் எவன்ஸோட புத்தகம் வந்தது 2003ல. அதுக்கு 65 வருஷம் முன்னாடியே திருவண்ணாமலையில இதே மாதிரி ஒரு சிக்கல் வழக்காவே வந்திருக்கு.

வருஷம் 1938. அருணாசல மலை யாருக்குச் சொந்தம்னு கோயிலுக்கும் அரசாங்கத்துக்கும் தகராறு. அதுல ரமண மகரிஷியும் சாட்சி சொன்னார். 1896ல, 16 வயசுல இந்த ஊருக்கு வந்து, கடைசிவரை இங்கேயே இருந்தவர் அவர். அவர் சொன்னதோட சாரம்: இந்த மலையே லிங்கம்தான். அரசாங்கப் பதிவேட்டுக்கோ மலைன்னா நிலம். யாரும் பொய் சொல்லல. சொல் ஒண்ணு, அர்த்தம் ரெண்டு.

இப்போ விஷயத்துக்கு வருவோம். வழிபாடு, வனப் பாதுகாப்பு, நில நிர்வாகம் இதெல்லாம் சப்டொமைன்கள். சாஃப்ட்வேர் இருந்தாலும் இல்லாட்டியும் இந்த வேலைகள் நடந்துகிட்டுதான் இருக்கும். பவுண்டட் கான்டெக்ஸ்ட்ங்கிறது நாம போடுற வேலி. அந்த வேலிக்குள்ள ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு சப்டொமைனுக்கு ஒரு வேலின்னு அமைஞ்சா நல்லது, ஆனா எப்பவும் அப்படி அமையாது.

ரமணாசிரமத்தையே பாருங்க. 1922ல ரமணரோட அம்மா சமாதியைச் சுத்தி உருவான இடம். பிறகு அவர் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி சர்வாதிகாரி பொறுப்புல இருந்து சமையல், கட்டுமானம், புத்தகப் பதிப்புன்னு எல்லாத்தையும் கவனிச்சார். சப்டொமைன் பல, நிர்வாகம் ஒண்ணு. சின்ன டீமுக்கு இது சரியா வரும்.

பௌர்ணமி கிரிவலம் இதுக்கு நேர் எதிர். 14 கிலோமீட்டர் பாதையில நடக்கிற அதே ஆள் கோயிலுக்குப் பக்தர், போலீஸுக்குக் கூட்டத்துல ஒருத்தர், பஸ் டிப்போவுக்குப் பயணி. வேலை ஒண்ணு, வேலி மூணு.

இந்த மூணையும் ஒரே 'நபர்' கிளாஸ்ல அடைச்சா என்ன ஆகும்? டிக்கெட் விதியை மாத்தப் போய் தரிசன வரிசை உடையும்.

அதனால அடுத்த டிசைன் மீட்டிங்ல டேபிள் வரையறதுக்கு முன்னாடி, "இந்தச் சொல்லுக்கு உங்க டீம்ல என்ன அர்த்தம்?"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. பதில் எங்க மாறுதோ அங்க வேலி போடுங்க. ரெண்டு வேலிக்கும் நடுவுல மொழிபெயர்ப்புக்கு ஒரு வாசலும் வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!