புதுப்பேட்டையும் புது ஆலையும்

சென்னையில் ஓடி ஓய்ந்த கார்களுக்குப் பல காலமாகப் போக்கிடம் புதுப்பேட்டைதான். எழும்பூரை அடுத்து, கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கதவுகளும் பம்பர்களும் கடை வாசல்களில் சாத்தியிருக்கும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கியது. செப்டம்பரில் அதற்கான விதிகள் வந்தன. அதன் பிறகு நாடு முழுக்கப் பதிவுபெற்ற வாகன அழிப்பு ஆலைகள் எழுந்து வருகின்றன. ஒரே கார் இந்த இரண்டு இடங்களிலும் என்ன ஆகிறது என்று பார்த்தால், நாம் எதைப் பெற்றோம், எதை இழக்கப் பார்க்கிறோம் என்பது விளங்கும்.

காயலாங்கடைக்கு ஒரு மாருதி 800 வந்தால் முதலில் பேட்டரி கழலும். அதற்கு அன்றைக்கே காசு. பிறகு சக்கரம், ஹெட்லைட், ரேடியேட்டர், டைனமோ, சீட்டு, கதவு. என்ஜினைச் செயின் பிளாக் போட்டுத் தூக்குவார்கள். எது இன்னும் உழைக்கும், எது உழைக்காது என்பதைக் கையால் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் அங்கே உண்டு. உழைப்பது அப்படியே விலைக்குப் போகும். மற்றதில் இருக்கும் செம்பும் அலுமினியமும் தனித்தனிக் குவியலாகும். இத்தனையும் போக எஞ்சிய கூட்டைத்தான் கேஸ் கட்டரால் அறுத்து இரும்பு விலைக்குப் போடுவார்கள். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இலேயே நின்றுவிட்டது. அவற்றை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கதவுப் பிடியோ கியர் பாக்ஸோ கிடைக்கிறதென்றால், அதில் இந்தக் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு பாகத்தை உருக்காமல், பாகமாகவே மறுபடி ஓடவிடுவதைவிடச் சிக்கனமான மறுசுழற்சி கிடையாது. இதை எந்தக் கொள்கையும் சொல்லித்தராமலே அவர்கள் செய்தார்கள்.

ஆனால் அதே தெருவில் தரையையும் பார்க்க வேண்டும். என்ஜின் ஆயிலில் டின்னில் பிடித்தது போக மிச்சம் மண்ணுக்கு. பிரேக் ஆயிலும் கூலன்டும் சாக்கடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. ஏசி குழாயை வெட்டினால் ஒரு சீறல், அவ்வளவுதான். பல கார்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. பெட்ரோல் ஆவி முழுவதும் போகாத டேங்குக்குப் பக்கத்திலேயே கையுறையோ கண்ணாடியோ இல்லாமல் கட்டரைப் பற்றவைக்கிற தொழிலாளியின் உடம்புக்கு யார் பொறுப்பு?

அம்பாசடர் காலத்தில் இந்த முறை ஓரளவு தாங்கியது. அந்த வண்டி பெரும்பாலும் இரும்பு. ஸ்பேனர் இருந்தால் பிரித்துவிடலாம். இன்றைய காரில் வெடித்து விரியும் ஏர்பேக் இருக்கிறது, பலவகை பிளாஸ்டிக் இருக்கிறது, சைலன்சர் குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய மாசுக் குறைப்பான் இருக்கிறது. மின்சார வண்டியின் லித்தியம் பேட்டரியைத் தெருவில் வைத்துப் பிரிப்பது உயிரோடு விளையாடுவது.

பதிவுபெற்ற ஆலையில் முதல் வேலையே நஞ்சிறக்குவதுதான். காரை லிஃப்டில் ஏற்றி, பெட்ரோல், ஆயில், கூலன்ட் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கலனில் வடிக்கிறார்கள். ஏசி வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள். ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்த பிறகே பிரிப்பு தொடங்கும். அப்புறம் கூட்டை நசுக்கியோ துண்டாக்கியோ உருக்காலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு டன் பழைய இரும்பு உலைக்குப் போனால் ஏறத்தாழ 1.4 டன் இரும்புத் தாது மிச்சம். அலுமினியத்தை மறுபடி உருக்கினால், தாதுவிலிருந்து எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 95 சதவீதம் மிஞ்சும்.

காகித விஷயத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. வண்டி உபயோகமற்றுப் போனால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. எத்தனை பேர் செய்தோம்? ஆர்.சி. புக்கையும் வண்டியோடு புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். திருட்டு வண்டிக்குச் செத்த வண்டியின் நம்பர் ஏறுவது இந்த ஓட்டை வழியாகத்தான். ஆலையோ, திருட்டு வண்டிப் பட்டியலோடு சரிபார்த்துத்தான் காரை ஏற்க வேண்டும். சேஸிஸ் நம்பர் உள்ள பகுதியை வெட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். உரிமையாளருக்கு ஒப்படைப்புச் சான்றிதழ் தருகிறார்கள். அதைக் காட்டி வாங்கும் சொந்த உபயோகப் புது வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி வழிசெய்கிறது.

இத்தனை நன்மைக்கும் நடுவே எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், பழைய வண்டிகளை மீட்கும் பொறுப்பைக் கார் உற்பத்தியாளர்கள் தலையில் வைத்தன. சரியான முடிவு. ஆனால் கணக்கு முழுக்க இரும்பில்தான். உதாரணமாக, 2005-06-இல் விற்ற சொந்த உபயோக வண்டிகளில் இருந்த இரும்பில் குறைந்தது 8 சதவீதத்துக்கு 2025-26-இல் கணக்குக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே வகுத்த நெறியோ காரின் மொத்த எடையைக் கணக்கில் எடுத்தது. அதில் 85 சதவீதத்தை 2015-க்குள் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ கொண்டுவரச் சொன்னது. இங்கே இரும்புக்கு மட்டும் மதிப்பெண் என்றால், நல்ல டைனமோவைப் பக்குவமாகக் கழற்றி வைக்க எந்த ஆலைக்கு அக்கறை வரும்? கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் குப்பை மேட்டுக்குத்தான் போகும்.

நஞ்சிறக்குவதிலும் திருட்டைத் தடுப்பதிலும் புது ஆலைதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாகத்தை வாழவைப்பதில் புதுப்பேட்டைக்கு நிகரில்லை. அந்தக் கைத்தொழில்காரர்களைச் சட்டவிரோதிகளாக ஒதுக்காமல், கையுறையும் காப்பீடும் முறையான சம்பளமும் தந்து ஆலைக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். மறுபயன்பாட்டுக்குப் போகும் பாகத்துக்கும் விதிகளில் கணக்கு வேண்டும். அரசு செய்ய வேண்டியது இது. உங்கள் வாசலில் ஒரு பழைய கார் தூசி படிந்து நின்றால், அதைப் பதிவுபெற்ற ஆலையில் விடுங்கள். ஒப்படைப்புச் சான்றிதழை வாங்குங்கள். பதிவு ரத்தானதை உறுதி செய்யும்வரை அந்த ஆர்.சி.யை மறந்துவிடாதீர்கள்.