போலச்செய்யாத நடிப்பு

1919ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், போரில் தோற்று நலிந்திருந்த ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில், ‘டிரிப்யூன்’ என்னும் சிற்றரங்கில் ‘மாற்றம்’ என்ற நாடகம் அரங்கேறிற்று. அதனை இயற்றிய எர்ன்ஸ்ட் டோலர் அன்று சிறையில் இருந்தார். விரும்பிப் போருக்குச் சென்று, அதன் கொடுமை கண்டு மனம் மாறும் இளைஞனாக நடித்தவர் ஃபிரிட்ஸ் கோர்ட்னர்.

அவர் கையாண்டது ‘எக்ஸ்பிரஷனிஸம்’ எனப்படும் அகவெளிப்பாட்டு நடிப்பு. அதன் நெறியை நாடகாசிரியர் பால் கோர்ன்ஃபெல்டு முன்பே எடுத்துரைத்திருந்தார். மேடையில் இறக்கும் நடிகன் சாவைக் கற்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. குடிகாரனாக நடிப்பவன் மதுக்கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. வாழ்வில் பேசாதவாறு பேசவும், கைகளை அகல விரிக்கவும் அவன் துணிய வேண்டும் என்பது அவர் கருத்து.

இஃது எளிதென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இயல்பு நடிப்பில் நாற்காலியும் கோப்பையும் நடிகனுக்குத் துணை நிற்கும். உணர்ச்சியும் படிப்படியாக வளரும். இங்கோ உடலும் குரலுமே கருவிகள். உணர்ச்சி உச்சத்திலேயே வெடிக்கும். விரல்நுனிவரை கட்டுப்பாடு இல்லையேல் எஞ்சுவது கூச்சலே. ‘கூச்சல் நாடகம்’ என்ற பெயரும் இவ்வகைக்கு வழங்கிற்று.

1933ஆம் ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், யூதரான கோர்ட்னர் அயல்நாடுகளில் வாழ நேர்ந்தது. கோர்ன்ஃபெல்டும் யூதரே, அவர் 1942ஆம் ஆண்டில் போலந்தின் லோட்ஸ் நகரில், யூதர்களை அடைத்துவைத்த சேரியில் மாண்டார். போர் முடிந்தபின் ஜெர்மனி திரும்பிய கோர்ட்னர், ஒவ்வோர் அசைவையும் சொல்லையும் நெடிய ஒத்திகைகளில் செதுக்கும் இயக்குநராகப் பெயர் பெற்றார். கட்டவிழ்ந்ததாகத் தோன்றும் நடிப்புக்கே கட்டுப்பாடு மிகுதியும் வேண்டும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?