கோவேறு கழுதைகள் வந்துபோன முற்றம்

சீனத்து வணிக ஊர் என்றதும் நமக்குக் கடலோரப் பட்டினங்களே ஞாபகம் வரும். அறபு மாலுமிகள் ஸைத்தூன் என்று அழைத்த சுவான்சோ நாம் கேள்விப்பட்ட பெயர். நான் சொல்ல வருவது கடலையே காணாத ஓர் ஊரைப் பற்றி. யுன்னான் மாகாணத்தில், டாலிக்கும் லிஜியாங்குக்கும் இடையில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷாஷி. ஹெய்ஹுய் ஆறு பக்கத்தால் ஓடுகிறது. குடிகள் பெரும்பாலும் பாய் இனத்தவர்கள்.

ஊரின் நடுவே கல் பாவிய ஒரு சதுக்கம். ஒரு பக்கம் 1415 இல் கட்டப்பட்ட ஷிங்ஜியாவ் விகாரை. எதிரே கூரை முனைகள் மேல்நோக்கி வளைந்த நாடக மேடை. சுற்றிவர மரத்தாலான கடைகள். கீழே கடை, மேலே படுக்க இடம், பின்னால் மிருகங்களைக் கட்டும் முற்றம். விடியற்காலையில் அங்கு நின்றேன். ஒரு கிழவி வாசல் கூட்டும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பள்ளிவாசல் எதுவும் கண்ணில் படவில்லை. பயணத் தொழுகையை விடுதி அறையிலேயே தொழுதுகொண்டேன்.

இந்த அமைதி பழசு அல்ல. தேயிலைக் குதிரைப் பாதை என்று இன்று அழைக்கப்படும் மலைவழியில் இது ஒரு பெரிய சந்தை. தெற்கு யுன்னானில் விளைந்த தேயிலையை வில்லைகளாக அழுத்தி, கோவேறு கழுதைகளில் ஏற்றித் திபெத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து குதிரை, தோல், கம்பளி, மூலிகை வந்தன. ஷாஷியைச் சுற்றிய மலைகளில் உப்புக் கிணறுகள் இருந்ததால் உப்பும் இங்கு கைமாறியது. ஆற்றைக் கடக்கும் ஒற்றை வளைவுக் கற்பாலத்தின் மேல்தான் கழுதைக் கூட்டங்கள் வந்துபோயின. வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றைக்கும் கூடுகிறது; பிளாஸ்டிக் வாளியும் மரக்கறியும் விற்கிறார்கள்.

உப்பு என்றதும் எனக்கு மூத்தவாப்பாவின் குரல்தான் கேட்டது. "எங்கட வாப்பா மாட்டுல உப்பேத்திட்டு மலைக்குப் போன மனிசன். போனா எப்ப வருவாரெண்டு உம்மாவுக்கே தெரியாது" என்பார். சிறுவயதில் அதை ஒரு கதையாகக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

ஷாஷி எப்படித் தப்பியது? 1950களில் வாகன வீதிகள் வந்தன. லொறி வந்ததும் கழுதைக்கு வேலை இல்லை. வியாபாரம் ஊரை விட்டுப் போனது. இடித்துக் கட்டக் காசில்லாததால் பழைய வீடுகள் அப்படியே நின்றன, ஆனால் உக்கிப்போய் நின்றன. 2001 இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் இந்தச் சந்தைச் சதுக்கத்தைச் சேர்த்தது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தவர்களும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து திருத்தினார்கள். புத்தம் புதிதாக்காமல், மண்சுவரையும் மரத்தையும் முடிந்தளவு காப்பாற்றினார்கள். வறுமை பாதி காத்தது, மனிதரின் தீர்மானம் மீதியைக் காத்தது.

கட்டடம் மிஞ்சியது; நடந்தவர்கள் யார்? யுன்னானின் கழுதைக்காரர்களில் ஹுய் முஸ்லிம்கள் பேர் போனவர்கள். 1253 இல் மொங்கோலியர் டாலியைக் கைப்பற்றிய பின் மத்திய ஆசிய முஸ்லிம்கள் இங்கு குடியேறினர். புகாராவைச் சேர்ந்த ஸெய்யித் அஜல் ஷம்ஸுத்தீன் 1274 முதல் 1279 இல் மறையும் வரை மாகாணத்தை ஆண்டார். அந்த வழிவந்தவர்கள் திபெத்துக்கும் பர்மாவுக்கும் சரக்கு நடத்தினார்கள். 1856 இல் கிளர்ச்சி வெடித்தது. து வென்ஷியு டாலியைத் தலைநகராக்கி ஆண்டார். 1873 இல் அது முற்றாக அடங்கியபோது பெருந்தொகையான முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். தப்பியவர்களில் பலர், தாங்கள் சரக்கு கொண்டுபோன அதே பாதைகளால் பர்மாவுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பந்தே என்று பெயர்.

இந்த மலைநாட்டுக்கும் நமது கடலுக்கும் தொடர்பு உண்டு. யுன்னானில் 17ஆம் நூற்றாண்டு வரை சோகியே காசாகப் புழங்கியது. மாலைதீவில் பொறுக்கிய சோகி வங்காளம் வழியாக இந்த மலைகளுக்கு ஏறியது. 1371 இல் யுன்னானின் குன்யாங்கில், தந்தையும் பாட்டனும் ஹாஜிகள் என்று அழைக்கப்பட்ட ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் கடற்படைத் தளபதி செங் ஹோ. அவர் காலியில் விட்டுச்சென்ற, 1409 ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன. 1911 இல் அந்தக் கல் ஒரு மதகை மூடிக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. அன்று யாரும் புரட்டிப் பார்க்காவிட்டால்?

நமக்கும் ஒரு கழுதைப் பாதை இருந்தது. தவளம் என்ற பொதிமாட்டு வணிகம். கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் கண்டி இராச்சியத்துக்கு ஏறின. பாக்கும் மிளகும் இறங்கின. மன்னரின் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பகுதியில் முஸ்லிம்கள் பணியாற்றியதைக் கலாநிதி லோர்னா தேவராஜா எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மாடுகள் நின்ற முற்றம் எது, எந்தத் துறையால் ஆற்றைக் கடந்தார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் ஏட்டில் இல்லை. குடும்பங்களின் வாயில்தான் இருந்தது.

என் மூத்தவாப்பா மௌத்தாகி முப்பது வருஷமாகிறது. அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்பதற்கு இன்னும் ஆள் இருந்தால், வரும் பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கொப்பியையும் எடுத்துப் போங்கள். மாட்டின் பெயரிலிருந்து தொடங்குங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.