பூச்சிக் குளிசை மூளைப் புற்றுநோயை மாற்றுமா?

பெல்மதுளைப் பக்கத் தோட்டங்களில் பூச்சிக் குளிசையை அறியாத லயன் வீடு இல்லை. அந்த மெபெண்டசோல் குளிசை மூளைப் புற்றுநோயையும் மாற்றும் என்று கைத்தொலைபேசிகளில் செய்தி பரவுகிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன உறவுகளும் இதையே கேட்பதால், விபரத்தைத் தேடித் தொகுத்தேன்.

ஒரு நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தை வேறொரு நோய்க்குப் பரிசோதிப்பது மருந்து மறுபயன்பாடு. பக்கவிளைவுகள் ஏற்கெனவே தெரியும்; விலையும் பெரும்பாலும் குறைவு. சிசுக்களின் அங்கங்களைப் பாதித்ததால் 1961இல் மீளப்பெறப்பட்ட தலிடோமைட், 2006இல் அமெரிக்காவில் மைலோமா என்ற புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது.

மூளைப் புற்றுநோய்களில் கொடியது கிளையோபிளாஸ்டோமா. 2005இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்கள், டெமோசோலமைட் மருந்தும் சேர்த்துப் பெற்றோருக்கு 14.6 மாதங்கள். அதனால்தான் பழைய மருந்துகளிலும் தேடுகிறார்கள்.

மெபெண்டசோலின் கதை தற்செயலானது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வுகூடத்தில், பூச்சி மருந்து கொடுக்கப்பட்ட எலிகளில் மூளைக்கட்டி வளரவில்லை. 2011இல், அதே வகையைச் சேர்ந்த மெபெண்டசோல் எலிகளின் ஆயுளை நீட்டியதாக அவர்கள் எழுதினார்கள். பூச்சியின் கலங்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களை இம்மருந்து குலைக்கிறது. புற்றுக்கலம் பிரிவதற்கும் அவ்வாறான குழாய்களே தேவை.

மனிதர்களில்? மும்பை டாடா நினைவு வைத்தியசாலை, நோய் மீண்டும் வந்த 88 பேருக்கு வேறு புற்றுநோய் மருந்துகளுடன் இதைக் கொடுத்தது. ஒன்பது மாதத்தில் 55 சதவீதமானோர் உயிருடன் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2022இல் வெளியான முடிவின்படி, இரு குழுக்களுமே அதை எட்டவில்லை.

பூச்சிக்கு எடுப்பது ஒரே ஒரு 500 மில்லிகிராம் குளிசை. ஆய்வில் கொடுத்ததோ நாளுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். அந்த அளவு ஈரலையும் வெண்குருதிக் கலங்களையும் பாதிக்கலாம். ஆகவே வைத்தியரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

காலையில் வாந்தியுடன் கூடிய தொடர் தலைவலி, முதன்முறை வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம், பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். புற்றுநோய் உறுதியானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அரச சிகிச்சை உண்டு. நாட்சம்பளத்தை இழந்து அவ்வளவு தூரம் போவது தோட்டக் குடும்பத்துக்குப் பெரும் சுமைதான். ஆனால் குளிசையை நம்பி வீட்டிலிருக்கும் நாட்களில் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.