குடியழைத்த வரிவிலக்கு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சம்பந்தர் பாடியதாகப் போற்றப்படும் அகத்தீசுவரர் கோயிலைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் கிளியனூர், பண்டை நாளில் ஓய்மாநாடு என்று பெயர் பெற்றிருந்த பிரதேசத்தைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. மேற்கே செஞ்சிக் கோட்டை, தெற்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி, அதற்கும் தெற்கே ஆங்கிலேயரின் கூடலூர், வடக்கே சென்னைப்பட்டினம் என்று நான்கு அதிகாரங்கள் ஒருகாலத்தில் இவ்வூரைச் சூழ்ந்து நின்றன. ஓர் அதிகாரியின் தண்டல் பொறுக்க முடியாமற் போனால், இரண்டு நாள் நடைக்குள் மற்றோர் அதிகாரியின் நிழலை அடைந்துவிடக்கூடிய இடத்தில் வாழ்ந்த குடிகளைத் தம் பக்கம் ஈர்க்கவும், ஈர்த்தவர்களை நிலைக்கச் செய்யவும், ஆட்சியாளர் கையாண்ட உபாயங்களில் முதன்மையானது வீட்டுக்கும் தறிக்கும் நிலத்துக்கும் உரிய வரியைக் குறைத்தலேயாகும். தொழிலை வளர்க்க வரிச்சலுகை கொடுப்பதை ஏதோ நேற்று மேல்நாட்டிலிருந்து வந்த யுக்தி என்று எண்ணுவோர், இந்தச் சாலையின் இரு மருங்கிலும் நடந்த சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சோழர் காலத்துச் சாசனங்களைப் புரட்டுவோருக்கு மனையிறை, தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்னும் சொற்கள் பழக்கமானவை. குடியிருக்கும் மனைக்கு ஒன்று, நெய்யும் தறிக்கு ஒன்று, ஆட்டும் செக்குக்கு ஒன்று, தட்டாரின் பொற்றொழிலுக்கு ஒன்று என்று ஊர்தோறும் இறை விதிக்கப்பட்டிருந்தது. வரி நீங்கிய இறையிலி என்ற நிலையும் அதனோடு கூடவே இருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள திருமடைவிளாகத்தில் குடியேறும் கைக்கோளருக்கும் வாணியருக்கும் சில இறைகளை நீக்கியோ குறைத்தோ கொடுக்கும் வழக்கம், விசயநகர ஆட்சியில் மிகுந்து காணப்படுகிறது. கோயிலுக்குத் துணியும் எண்ணெயும் வேண்டும். அவற்றைத் தருவோர் வேண்டும். அவர்கள் வந்து வீடு கட்டித் தறி நாட்டினால்தான் அந்த வீதி வீதியாகும். ஆகவே இன்றைய வருமானத்தில் ஒரு பகுதியைக் கைவிட்டு நாளைய ஊரைச் சம்பாதிக்கும் கணக்கை, கோயில் நிர்வாகிகளாகிய தானத்தார் நன்றாகவே அறிந்திருந்தனர்.

இந்தச் சலுகை தர்ம சிந்தையால் மட்டும் பிறந்ததன்று. 1429-ஆம் ஆண்டை ஒட்டி, விருத்தாசலம் முதலிய இடங்களில் பொறிக்கப்பட்ட சாசனங்கள், வலங்கைத் தொண்ணூற்றெட்டு, இடங்கைத் தொண்ணூற்றெட்டு என்னும் சாதிப் பிரிவினர் தங்கள் பழைய பகையை ஒதுக்கி வைத்து ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலக்கிழாரும் சுமத்திய மிகுவரிகளைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்த செய்தியைச் சொல்கின்றன. அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகே பல தொழிலாளருக்குரிய வரிவிகிதங்கள் வரையறுத்துக் கல்லில் வெட்டப்பட்டன. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னாற்காட்டுக் கைக்கோளர் சிலருக்குத் பல்லக்காகிய தண்டும் சங்கும் கொண்டாடும் உரிமை, காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்தது போலவே வழங்கப்பட்டது. வரியைக் குறைத்தவர்களே கௌரவத்தையும் உயர்த்தினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கைத்தொழிலாளன் பணத்துக்காக மட்டும் ஓரூரில் தங்குவதில்லை என்ற அறிவு அக்காலத்து நாயக்கர்களுக்கு இருந்தது. பிற்காலத்துப் பட்ஜெட் நிபுணர்கள் பலருக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

1639-இல் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேய வர்த்தகர், தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் சாசனம் பெற்று, மணல்மேடாகக் கிடந்த மதராசபட்டினக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக்கு அடிகோலினார். கோட்டை கட்டக் கல்லும் சுண்ணாம்பும் போதும். பட்டினம் உண்டாக நெசவாளர் வேண்டும். ஆகவே டேயின் மேலதிகாரியான ஆண்ட்ரூ கோகன், முப்பது ஆண்டுகள் வரையில் அங்கே குடியேறுவோர் உண்ணும் பொருளுக்கும் குடிக்கும் பொருளுக்கும் உடுக்கும் பொருளுக்கும் சுங்கம் கிடையாது என்று கம்பெனியின் பேரால் பறைசாற்றினார். ஓராண்டு கழிவதற்குள் முந்நூறு நானூறு நெசவாளர், சித்திரத்துணிக்காரர் குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவர்கள் கட்டிய தெருக்களே கறுப்பர் பட்டினத்தின் ஆரம்பம். சாலையும் துறைமுகமும் இல்லாத கடற்கரையில் ஒரு மகாநகரம் எழுந்ததற்கு, மற்றக் காரணங்களோடு அந்த முப்பது ஆண்டு வாக்குறுதியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வாக்குறுதியின் தவணை முடிந்த பின் நடந்தது இதைவிடச் சுவையானது. 1678-இல் கவர்னர் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர், தெருக்களைச் சுத்தம் செய்வதற்கென்று வீட்டுவரி விதித்தபோது, சுங்கமில்லா வாழ்வில் பழகியிருந்த குடிகள் அதை எதிர்த்தனர். 1688-இல் சென்னை நகரசபை நிறுவப்பட்டபோதும், நகரமண்டபமும் பாடசாலையும் கட்டுவதற்கு வரி கேட்கப்பட்டது. கொடுக்க மனமில்லாத ஜனங்களிடமிருந்து வசூல் சொற்பமாகவே வந்தது. முதலில் கொடுத்த சலுகையை அவர்கள் ஒரு விலையாகவே கருதினார்கள். தாங்கள் ஊரை உண்டாக்கியதற்கு ஈடாகப் பெற்றது அது என்று நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது முற்றிலும் தவறென்று சொல்ல என்னால் இயலவில்லை. தெருவுக்கு வேண்டிய துப்புரவுக்கும் வெளிச்சத்துக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வியைச் சலுகையைச் சாற்றிய நாளிலேயே கேட்காமல் விட்டது கம்பெனியின் குற்றமேயன்றிக் குடிகளின் குற்றமன்று.

கிளியனூருக்கு அண்மையில் இருந்த புதுச்சேரியின் கதையும் இதே போக்கினது. 1674-இல் அங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் பொறுப்பை ஏற்ற பிரான்சுவா மர்த்தேன், நெசவாளரையும் வர்த்தகரையும் வரவழைப்பதையே தம் ஆட்சியின் உயிர்நாடியாகக் கொண்டார். 1693-இல் டச்சுக்காரர் கைப்பற்றிய அவ்வூர் 1699-இல் அவரிடம் திரும்பி வந்தபோது, அதை அவர் மறுபடியும் ஏறக்குறைய அடியிலிருந்தே நிர்மாணிக்க வேண்டியிருந்தது. 1701-இல், பாதிரிமார்களின் தூண்டுதலால் கோயில் வழிபாட்டுக்குத் தடை நேர்ந்தபோது, தொழிலாளர் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறத் தலைப்பட்டனர். மர்த்தேன் தம் கட்டளையை விட்டுக்கொடுத்து அவர்களை நிறுத்திக்கொண்டார். எவ்வளவு வரியைக் குறைத்தாலும் மானத்தில் கைவைத்தால் குடி நில்லாது என்பதை அவர் நேரில் கண்டார். அவ்வாறு வெளியேறுவோர் திண்டிவனத்துப் பாதையில் காலெடுத்து வைத்தால், நடுவே வரும் கிராமங்களில் ஒன்று கிளியனூர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் யுத்தங்கள் இந்தப் பிரதேசத்தைச் சூறையாடின. 1760-இல் வந்தவாசியில் வெற்றி பெற்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், திண்டிவனத்துக்குக் கிழக்கிலுள்ள பெருமுக்கல் மலைக்கோட்டையைப் பிடித்த பின்னரே புதுச்சேரியை நெருங்கினார். 1780-இல் ஹைதர் அலியின் படை இறங்கியபின் ஊர்கள் பாழாயின. உழவர் இல்லாத நிலம் தரிசாயிற்று. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தபோது தென்னாற்காடு ஜில்லாவின் நிலை இதுவே. தரிசை மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவருவதற்கு அந்நாளில் வழங்கிய முறை கவுல் என்பது. முதலில் தீர்வையின்றியோ மிகச் சொற்பமான தீர்வையிலோ நிலத்தைக் கொடுத்து, வருஷந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, சில ஆண்டுகளில் முழுத் தீர்வைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முள்ளைவெட்டி மண்ணைத் திருத்தும் முதல் ஆண்டுகளில் விளைச்சல் இல்லை என்ற எளிய உண்மையை ஒப்புக்கொண்டு ஏற்பட்ட ஏற்பாடு அது. தொழிற்சாலைக்கு ஐந்தாண்டு வரிவிலக்கு என்று இன்று நாம் சொல்வதன் தாய்வடிவம் கவுலேயாகும்.

ஆனால் ஒரு கையால் கவுல் கொடுத்த சர்க்கார் மறு கையால் இரண்டு அநியாயங்களைச் செய்துவந்தது. ஒன்று மொகதர்பா. வீட்டுக்கும் கடைக்கும் தறிக்கும் கைத்தொழிலுக்கும் விதித்த இந்த வரி, தறியில் துணி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தண்டப்பட்டது; சீமைத்துணி வந்து நெசவு நலிந்த பின்னும் அது ஒழியவில்லை. 1861-இல்தான் நீக்கப்பட்டது. மற்றொன்று தோட்டத் தீர்வை. புஞ்சையில் ஒருவன் தன் சொந்தச் செலவில் கிணறு வெட்டி மிளகாயோ புகையிலையோ பயிரிட்டால், அந்த நிலம் தோட்டம் என்று பெயர்மாறி, தீர்வை பலமடங்கு ஏறிற்று. பாறையை உடைத்து நீர் கண்டவனுக்கு அபராதம் விதித்தது போன்றதே அது! 1852-இல், குடியானவன் தன் பொருளைச் செலவிட்டுச் செய்த அபிவிருத்தியின் பயன் முழுவதும் அவனுக்கே உரியது என்றும், அதற்காகத் தீர்வையை உயர்த்தலாகாது என்றும் சென்னை சர்க்கார் விதித்தது. அதன்பின் கிணறுகள் பெருகின. அந்தப் பத்தாண்டிலேயே தென்னாற்காட்டின் கடுந்தீர்வையும் தணிக்கப்பட்டது. சாகுபடிப் பரப்பும் விரிந்தது.

இந்த ஒரு கட்டளையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கவுல் ஒரு தவணைக்கு உட்பட்ட தயவு. 1852-இன் கட்டளையோ, உழைப்பால் கூடிய மதிப்புக்கு வரியில்லை என்ற நிரந்தரமான கொள்கை. தவணைச் சலுகையை நம்பி வந்தவன் தவணை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பான். கொள்கையை நம்பியவனோ கிணறு வெட்டுவான், மரம் நடுவான், மகனுக்கும் சேர்த்து வீடு கட்டுவான்.

தீர்வை தணிந்த புஞ்சைகளில் விளைந்தவை புதுச்சேரியை நோக்கிச் சென்றன. அவுரிச் செடியைத் தொட்டிகளில் ஊறவைத்துக் கடைந்தெடுத்த நீலம், புதுச்சேரிச் சாயக்காரர் கையில் நீலத்துணியாகி, ஆப்பிரிக்காவின் செனகால் வரைக்கும் போயிற்று. நீலம் க்ஷீணித்த பின் நிலக்கடலையாகிய மணிலாக் கொட்டை வந்தது. வானூர், திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளின் செம்மண் மேட்டுநிலம் அதற்கு வாய்ப்பாயிருந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், கொட்டை மூட்டைகள் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறின. கிளியனூர்ச் சாலையில் இரவெல்லாம் வண்டிகள் போன காலம் அது.

அந்நாளில் இந்தச் சாலைக்குக் குறுக்கே சுங்க எல்லை இருந்தது. 1941-இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க உடன்படிக்கை செய்துகொண்டன. 1949-இல் அது முடிவுற்றது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. சுங்க எல்லை மறைந்தும் வரி எல்லை மறையவில்லை. விற்பனைவரி அப்பக்கம் குறைவாகவே நெடுங்காலம் இருந்தது. 1993 முதல், பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்ற அட்டவணையில் புதுச்சேரியும் இடம்பெற்று, புதிய தொழிற்சாலைகளுக்கு முதல் ஐந்தாண்டு இலாபத்தின்மீது வருமானவரி விலக்கு கிடைத்தது. வானூருக்கு அருகே சேதராப்பட்டில் ஆலைகள் எழுந்தன. அவற்றில் வேலைக்குச் சென்றோரில் இப்பக்கத்துக் கிராமத்தாரும் இருந்தனர். ஒரே செம்மண், ஒரே நிலத்தடி நீர், ஒரே ஜனங்கள். கோட்டுக்கு அந்தப்புறம் ஆலை, இந்தப்புறம் சவுக்குத்தோப்பு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் விற்பனைவரி வித்தியாசமும் பெரும்பாலும் போயிற்று. சலுகை ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு வந்த முதலுக்கு, அதன்பின் அங்கே இருப்பதற்குத் தனிக்காரணம் வேண்டியதாயிற்று.

இப்பொழுது தமிழ்நாட்டுப் பக்கத்தில் முறை வந்திருக்கிறது. திண்டிவனத்தருகே சிப்காட் தொழிற்பூங்கா அமைகிறது. நிலவிலையிலும் முத்திரைத் தீர்வையிலும் சலுகைகள் பேசப்படுகின்றன. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் தெருவின் செலவுக்கு யார் கொடுப்பது என்று சென்னைப்பட்டினத்தார் 1678-இல் கிளப்பிய கேள்வி இங்கேயும் எழும். ஊராட்சியின் சொந்த வருவாய் என்று சொல்லத்தக்கவற்றில் தலையாயது வீட்டுவரி. 1871-இன் ஸ்தல நிதிச் சட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கென்று கிராம வீட்டுவரி புகுத்தப்பட்டு, ஜனங்களின் வெறுப்பால் விரைவில் கைவிடப்பட்டது. 1884-இன் சட்டம் யூனியன் பஞ்சாயத்துகளின் வாயிலாக அதை மீண்டும் நிலைநாட்டியது. 1958-இன் பஞ்சாயத்துச் சட்டமோ, ஊராட்சி வசூலிக்கும் வீட்டுவரிக்கு ஈடான தொகையைச் சர்க்காரும் மானியமாகக் கொடுக்கும் அரிய ஏற்பாட்டைச் செய்தது. ஊரார் ஒரு ரூபாய் கொடுத்தால் சர்க்கார் ஒரு ரூபாய் சேர்த்தது.

அத்தகைய ஏற்பாட்டை ஆலைகளுக்கும் செய்யலாம். ஒரு தொழிற்சாலைக்கு ஊராட்சி வரியில் சலுகை கொடுக்க மாநில அரசு விரும்பினால், விட்டுக்கொடுத்த தொகையை அரசே அந்த ஊராட்சிக்குக் கட்டவேண்டும். தவணை இத்தனை ஆண்டு என்றும், அது முடிந்தபின் விகிதம் இவ்வளவு என்றும், முதல் நாளிலேயே ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் எழுதி வைக்கவேண்டும். முப்பது ஆண்டு என்று கோகன் சாற்றியதை அன்று எல்லோரும் காதால் கேட்டார்கள். முப்பத்தோராம் ஆண்டு என்ன நேரும் என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.