ஊவாவின் போர்க்களம் எது?

பரீட்சை வினாத்தாள் போர்க்களத்தின் பெயரையும் ஆண்டையும் கேட்கும். 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாப் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு அவ்வழக்கம் உதவுவதில்லை. சென்ற தவணையில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இங்கே இருக்கவே இல்லையே! இந்தச் சண்டை எங்களுக்கு எதற்கு?" என்று கேட்டாள். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

1815இல் கண்டிப் பிரதானிகள் தம் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்தனர். தம் பதவியும் மரியாதையும் குன்றாது என நம்பினர். மூன்றாண்டு முடியுமுன்னே அந்நம்பிக்கை கரைந்தது. 1817இல் வெல்லஸ்ஸவில் தோன்றிய ஒருவன், தான் நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றும் அரியணைக்கு உரியவன் என்றும் கூறினான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் சிங்களவன். எனினும், துரைசாமி என்ற பெயருக்காகவே சிங்கள உழவர் திரண்டனர். மலைநாட்டில் தமிழன் என்றாலே அந்நியன் எனப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக! அதே வேளையில், வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்ததால் பிரதானிகள் கொண்ட சினமும் இத்தீக்கு எண்ணெய் வார்த்தது என்பதை நாம் மறைத்தலாகாது. நிலைமையை அறியப் பதுளையிலிருந்து சென்ற ஆங்கில அதிகாரி வில்சன், அவ்வாண்டு ஒக்டோபரில் அம்புக்கு இரையானார்.

கலகத்தை அடக்குமாறு ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல அனுப்பப்பட்டார். நவம்பரில் அவர் கலகக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார் என்பர். மறுபுறம், அதிகார் மொல்லிகொட ஆங்கிலேயர் பக்கமே நின்று, கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பாதையை அவர்களுக்குத் திறந்து வைத்தார். ஆகவே இது அந்நியனுக்கு எதிரான போர் மட்டுமன்று. கண்டியரைக் கண்டியரே எதிர்த்த உள்நாட்டுப் போருமாகும்.

1818இன் நடுப்பகுதிவரை வெற்றி எவர் பக்கம் என்பது தெளிவாகவில்லை. காட்டையும் கணவாயையும் அறிந்த மக்களை நேருக்கு நேர் நின்று வெல்லப் பட்டாளத்தால் இயலவில்லை. தேசாதிபதி பிரவுன்றிக் வேறு வழியை நாடினார். இராணுவச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகள் வந்திறங்கின. ஊர்கள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, கால்நடைகள் பறிக்கப்பட்டன. போரின் திசை மாறிய இடம் இதுதான். ஊவாவின் போர்க்களம் உழவனின் நெற்களஞ்சியமே!

பசி வந்தபின் ஒற்றுமை நிலைக்கவில்லை. போலி அரசனின் பொய்யைக் கண்ட மடுகல்ல அவனைத் தொழுமரத்தில் மாட்டினார். ஒக்டோபர் இறுதியில் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். நவம்பர் 26இல் கண்டியில் தலை வெட்டப்பட்டார். ஆங்கிலேயர் தரப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேரும், கண்டியர் தரப்பில் வாளாலும் நோயாலும் பஞ்சத்தாலும் பதினாயிரம் பேர் வரையிலும் மாண்டிருக்கலாம் என இராணுவ வைத்தியர் ஜோன் டேவி மதிப்பிட்டார். அது வென்றவர் தரப்பின் கணக்கு.

பின்னர் வந்தது சட்டத்தின் போர். 1818 நவம்பர்ப் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக்கியது. விசுவாசமாக இருந்த பகுதிகளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு! 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. அந்நிலங்களில் கோப்பி முளைத்தது. 1869இல் இவ்வூவாவின் மடுல்சீமையில் தென்பட்ட இலைநோய் கோப்பியைத் தின்றது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வேலை செய்ய ஆள் வேண்டுமே! தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தனர் உன் பாட்டனும் பாட்டியும்.

மகளே, இதுவே நான் அன்று கூறியிருக்க வேண்டிய விடை. சிங்கள உழவனின் காட்டைப் பறித்தவன் உன் பாட்டன் அல்லன். ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்து, மற்றவனிடமிருந்து உழைப்பைப் பறித்தது ஒரே கை. அவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவர் எனக் காட்டியதில்தான் அக்கையின் கடைசி வெற்றி இருந்தது. சுதந்திர நாட்டிலும் அவ்வெற்றி தொடர்ந்தது: 1948இல் உன் மக்களின் குடியுரிமை பறிபோனது, அந்த அநீதியின் எச்சத்தைத் துடைக்க 2003வரை சட்டங்கள் தேவைப்பட்டன.

புரட்சித் தலைவர்களைத் துரோகிகள் என்ற பிரகடனத்தை 2016இல் இலங்கை அரசு நீக்கியது. நல்லது. பிரதானிகளின் பெயருக்கு நீதி கிடைத்தது. எரிந்த ஊர்களில் பசியால் மாண்ட உழவருக்கும், நடந்த வழியில் வீழ்ந்த தொழிலாளருக்கும் பெயரே இல்லை. பதுளையின் சிங்களப் பள்ளியிலும் தமிழ்ப் பள்ளியிலும் இவ்விரு வரலாறுகளையும் ஒரே பாடமாக நடத்தும் நாளில்தான், 1818இன் போர் உண்மையில் முடிவுறும்.