வேலையும் வீடும் ஒரே கையில்: ஊவாத் தோட்டங்களின் நிர்வாகம்

மேலதிகாரி மோசமானவர் என்றால் வேறு வேலை தேடலாம் என்பார்கள். பதுளையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் வழியிலுள்ள ஸ்பிரிங்வெளி போன்ற இடங்களில் அது இலகுவல்ல. அங்கே வேலை தரும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் லயன் அறையும் இருக்கிறது. வேலையை விட்டால் குடியிருப்பும் ஆட்டம் காணும்.

இது ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு. பெரியதுரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, அடியில் தொழிலாளி. உத்தரவு கீழே இறங்கும். முறைப்பாடு மேலே ஏறாது. பெரிய கங்காணி ஆள் சேர்த்து, முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினார். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் ஊவாவுக்கும் பரவியது. பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அந்தச் சபையோடு கலந்து பேசியே நிர்வாகம் நடத்தத் துரை சம்மதித்தார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளையும் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பெருவெள்ளம் ஊவாவைத் துண்டித்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை போராட்டத்தை முறியடித்தது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. முறையிட ஒரு மக்கள் பிரதிநிதியும் இல்லாமற்போனது. 1977, 1983 வன்முறைகளில் வன்னிக்கு ஓடிவந்த மலையகக் குடும்பங்களுக்கு இந்த நிராதரவு நன்கு தெரியும்.

இன்று அழுத்தம் தராசில் வருகிறது. குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர்தான். 2021இல் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாவானபின் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. வேலை அளவையும் பிணக்குகளையும் தொழிற்சங்கத்தோடு பேசித் தீர்க்கும் வழியும் அதோடு பலவீனமானது.

சட்டத்தில் சில பிடிகள் உண்டு. சம்பளக் குறைப்பு, வேலை நீக்கம் பற்றித் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறையிடலாம். திகதி, கொழுந்து நிறை, கொடுத்த பேர் ஆகியவற்றைக் குறித்துவைப்பது கைகொடுக்கும். வேலைத்தலத்தில் மேலதிகாரி செய்யும் பாலியல் தொந்தரவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்கீழ் குற்றம், பொலிஸில் முறையிடலாம்.

ஆனால் முறையிட்டவர் அன்றிரவு திரும்பிப்போவது அதே நிர்வாகத்தின் லயனுக்கு. துரைமார் மாறுவார்கள், அந்தப் பயம் மாறுவதில்லை. ஆகவே வீட்டுக்கும் காணிக்கும் உறுதி கேட்பதும் வேலைத்தலக் கோரிக்கையே.